கறைபடாத தாள்

ஏழு மணி நேர வலியைப் பத்து நிமிடத்தில் எழுதி முடித்துவிட்டேன். ஒரு நீலப் பேனா, ஓர் அடிக்கோல், சாப்பாட்டு மேஜையில் கொஞ்சம் இடம். இவ்வளவுதான் தேவைப்பட்டது. வலி எடுக்க ஒரு பெண் தேவைப்படவில்லை.

நாளைக் காலை நர்சிங் மாணவிகளுக்குப் பிரசவக் கண்காணிப்பு பற்றி நான் பேச வேண்டும். முப்பத்தொரு வருடம் லேபர் வார்டில் நின்றவள் என்பதால் அழைத்திருக்கிறார்கள். அவர்களுக்குக் காட்டத்தான், சிந்தாதிரிப்பேட்டையில் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பிரசவத்தின் போக்கைப் பதியும் இந்த பார்ட்டோகிராஃப் தாளை நிரப்பினேன். இப்படி ஒன்றை நான் நிரப்புவது இது முதல் தடவை அல்ல. நிரப்பி முடித்துக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தபோது ஒன்று உறைத்தது. தாய்மார்களைப் பாராட்டியிருக்கிறேன், ஆயாக்களைப் பாராட்டியிருக்கிறேன், நடுராத்திரியில் படியேறி ஓடிவந்த டாக்டர்களைப் பாராட்டியிருக்கிறேன். உன்னை ஒருநாளும் பாராட்டியதில்லை. எத்தனையோ காலைப் பொழுதுகளில் எங்கள் மானத்தைக் காத்தவள் நீ.

தாளே, இன்று உன்னைப் புகழப் போகிறேன். புலவர்கள் அரசனைப் பாடும்போது இல்லாததையும் சேர்த்துக்கொள்வார்கள் என்பார்கள். எனக்கு அந்தத் தேவை இல்லை. உன் குலம், வடிவு, உழைப்பு, பொறுமை, கொடை எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடியே சொல்கிறேன்.

முதலில் உன் குலம். 1954இல் நியூயார்க்கில் இம்மானுவேல் ஃப்ரீட்மேன் என்ற மகப்பேறு மருத்துவர், வலியில் இருக்கும் பெண்ணின் கர்ப்பவாய் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு திறக்கிறது என்று கட்டத்தாளில் புள்ளி வைத்துப் பார்த்தார். ‘நேரமாகும், பொறுத்துக்கோ’ என்ற ஒரே பதிலோடு கிடந்த வலிக்குக் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு கோடு கிடைத்தது. 1972இல் ரொடீசியாவில், இன்று ஜிம்பாப்வேயின் தலைநகராக இருக்கும் ஹராரேயில், ஃபில்பாட், காசில் என்ற இரு மருத்துவர்கள் அந்தக் கோட்டுக்குத் துணையாக இரண்டு சாய்கோடுகளை வரைந்தார்கள். டாக்டர் இல்லாத சிறிய மருத்துவமனையில் தனியாக நிற்கும் மருத்துவச்சிக்காக வரைந்தவை அவை. முதலாவது எச்சரிக்கைக் கோடு. மணிக்கு ஒரு சென்டிமீட்டர் கணக்கில் ஏறும். புள்ளிகள் அதைத் தாண்டி வலப்பக்கம் சாய்ந்தால், பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வண்டியைக் கூப்பிட வேண்டும். அதற்கு நான்கு மணி நேரம் தள்ளி இரண்டாவது, செயல்கோடு. அதைத் தொட்டுவிட்டால் காத்திருப்பு முடிந்தது, முடிவெடுத்தாக வேண்டும்.

பாதுகாப்பான தாய்மைக்கான உலக முயற்சி 1987இல் நைரோபியில் தொடங்கியதும், உலக சுகாதார நிறுவனம் இந்தத் தாளைத் தன் தாளாக்கிக்கொண்டது. இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்து ஆகிய மூன்று நாடுகளின் மருத்துவமனைகளில் 35,484 பெண்களிடம் சோதித்தார்கள். 1994இல் முடிவு வெளியானது. பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் இழுத்த பிரசவங்கள் நூற்றுக்கு 6.4இலிருந்து 3.4 ஆகக் குறைந்தன. வலியைக் கூட்ட மருந்து ஏற்றியது 20.7இலிருந்து 9.1 ஆனது. இறந்து பிறந்த குழந்தைகள் 0.5இலிருந்து 0.3 ஆனார்கள். தாளோடு சேர்த்து, கோடு சாய்ந்தால் என்ன செய்வது என்ற ஒழுங்கையும் அங்கே கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

இந்தக் குலத்தில் எங்கள் பக்கத்துக்கும் பங்கு உண்டு. சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து கூவத்தைத் தாண்டினால் எழும்பூர் பிரசவ ஆஸ்பத்திரி, 1844இல் தொடங்கியது. மறுபக்கம் திருவல்லிக்கேணியில் கோஷா ஆஸ்பத்திரி. ஆண் மருத்துவரிடம் போகத் தயங்கிய பெண்களுக்காக மேரி ஷார்லீப் 1885இல் தொடங்கியது, இன்று கஸ்தூர்பா பெயரில் நிற்கிறது. எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் ‘எழும்பூர்ல பொறந்தேன்’, ‘கோஷால பொறந்தேன்’ என்றுதான் சொல்வார்கள். எழும்பூரின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஆ. லட்சுமணசுவாமி முதலியார் 1938இல் எழுதிய மகப்பேறு மருத்துவ நூல் இத்தனை பதிப்புகளுக்குப் பிறகும் மாணவர்கள் கையில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நிர்வாகக் குழுவுக்கே தலைமை வகித்தவர் அவர். உன் குலத்தைப் பழிக்க யாருக்கு வாய் வரும்?

ஆனால் உன் முன்னோர் எல்லோருக்கும் ஒரு குறை இருந்தது. கட்டிலருகே நின்றால்தான் அவர்களால் புள்ளி வைக்க முடிந்தது. ஒரு கை வயிற்றின் மேல், ஒரு கண் கடிகாரத்தின் மேல், நடுவே கிடைத்த நிமிடத்தில் பேனா. நீ அந்தக் கட்டுப்பாட்டை உதறினாய். குழந்தை பிறந்து, நஞ்சுக்கொடி விழுந்து, கட்டிலைத் துடைத்துப் புது விரிப்புப் போட்ட பிறகு நிதானமாக வந்தாய். உன் குலத்தில் அவசரம் இல்லாமல் பிறந்தவள் நீ ஒருத்திதான்.

அடுத்தது உன் வடிவு. மேல்கட்டத்தில் குழந்தையின் இதயத்துடிப்பு: 140, 142, 138, 140, 144, 140. ஒரு மலைச்சரிவு இல்லை, ஒரு பள்ளம் இல்லை. பனிக்குட நீர் தெளிவு. தலையெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறவில்லை. கர்ப்பவாயைக் குறிக்கும் பெருக்கல் குறிகள் எச்சரிக்கைக் கோட்டின் மேலேயே, கம்பியில் கோத்த மணிபோல ஏறுகின்றன. தலை இறங்குவதைக் காட்டும் வட்டங்கள் எதிர்த்திசையில் அதே ஒழுங்கோடு இறங்குகின்றன. வலியின் கட்டங்களில் முதலில் புள்ளி, பிறகு சாய்வரி, பிறகு முழுக்கறுப்பு. தாயின் ரத்த அழுத்தம் 120, 80. நான்கு மணி நேரம் கழித்தும் 120, 80. எல்லாம் ஒரே மை, ஒரே கை. ஓர் அடித்தல் இல்லை.

முப்பத்தொரு வருடத்தில் எத்தனையோ பெண்களைப் பார்த்திருக்கிறேன். ஒருத்திக்கு நான்கு சென்டிமீட்டரில் இரண்டு மணி நேரம் நிற்கும். பிறகு ஒரே மூச்சில் திறந்துவிடும். இன்னொருத்திக்கு வலி வரும்போது குழந்தையின் துடிப்பு இறங்கி, வலி போனதும் மெல்ல ஏறும். ஒருத்தியின் பிரசவம்போல இன்னொருத்தியின் பிரசவம் இருந்ததில்லை. உன் அழகுக்கு நிகராக ஓர் உயிருள்ள பெண்ணும் பிரசவித்ததை நான் பார்த்ததில்லை.

உன் உழைப்பைச் சொல்லக் கொஞ்சம் கணக்கு வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை வயிற்றில் கைவைத்து, பத்து நிமிடத்தில் எத்தனை வலி வருகிறது, ஒவ்வொன்றும் எத்தனை விநாடி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அதே அரை மணிக்கு ஒருமுறை, வலி அடங்கியதும் குழந்தையின் துடிப்பை ஒரு முழு நிமிடம் கேட்க வேண்டும். தாயின் நாடியையும் பிடிக்க வேண்டும். ஒரு பெண்ணுக்கு இது பன்னிரண்டு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவுப் பணியில் ஒரு சிஸ்டர், ஆறு கட்டில், ஆறிலும் வலி எடுத்த பெண்கள் என்றால் எழுபத்திரண்டு நிமிட வேலை. அதை முப்பது நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். முடித்ததும் அடுத்த முப்பது தொடங்கிவிடும். இதற்கு நடுவில்தான் ஊசி, டிரிப், தையல், பிறந்த குழந்தையைத் துடைத்துப் போர்த்துவது, வாசலில் நிற்கும் மாமியாருக்குப் பதில் சொல்வது எல்லாம்.

மனுஷியால் ஆகாது. உன்னால் ஆனது. ஆறு கட்டிலுக்கும் ஆறு தாள், ஒவ்வொன்றிலும் 1.00, 1.30, 2.00, 2.30 என்று ஒரு கட்டமும் விடாமல் பதிவு. முப்பது நிமிடத்துக்குள் எழுபத்திரண்டு நிமிடத்தை அடக்கிக் காட்டினாய். உன்னைப் பார்த்த மேலிடம், அந்த வார்டுக்கு ஒரு சிஸ்டர் போதும் என்று முடிவு செய்தது. போதும் என்பதற்கு எழுத்து வடிவில் சாட்சி இருந்ததே.

உன் பொறுமையும் பெரிது. கோடு சாய்ந்தால் யாரையாவது எழுப்ப வேண்டும். டியூட்டி டாக்டரை, மயக்க மருந்து டாக்டரை, தியேட்டர் ஊழியரை, சில இடங்களில் 108 வண்டி ஓட்டுநரை. எழுப்பினால் சிலர் எரிந்து விழுவார்கள். ‘இதுக்குப் போயா கூப்டீங்க?’ என்ற ஒரு வரியைக் கேட்டுக் கூசிப்போன இளம் சிஸ்டர், அடுத்த முறை அரை மணி தயங்குவாள். அந்த அரை மணியில் குழந்தைக்கு உயிர்க்காற்று குறையும். தலைக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே நசுங்கிய தசை புண்ணாகும். அடைபட்ட பிரசவத்தில் கர்ப்பப்பையே கிழியலாம். நெடுநேரம் உழைத்துக் களைத்த கர்ப்பப்பை, பிரசவமானதும் சுருங்காமல் ரத்தத்தைக் கொட்டலாம். உன்னால் மட்டும் இப்படி ஒரு தொந்தரவும் யாருக்கும் நேர்ந்ததில்லை. உன் கோடு ஒருநாளும் சாய்ந்ததில்லை. நீ எவருடைய தூக்கத்தையும் கலைத்ததில்லை.

இனி உன் கொடை. இங்கே எனக்கு நா தழுதழுக்கிறது. நீ எனக்கே கொடுத்திருக்கிறாய்.

அது எந்த ஊர், எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். இருபது வருடத்துக்கு முந்தைய இரவு. முதல் பிரசவத்துக்கு வந்த ஒரு சின்னப் பெண். இரவு பதினொரு மணிக்கு ஆறு சென்டிமீட்டர் திறந்திருந்தது. பன்னிரண்டுக்குத் துடிப்புக் கேட்டேன், நன்றாக இருந்தது, எழுதினேன். பன்னிரண்டரைக்குப் பக்கத்துக் கட்டிலில் பிரசவமான ஒருத்திக்கு ரத்தம் நிற்காமல் போயிற்று. நானும் டாக்டரும் ஆயாவும் அவளோடு போராடினோம். அவள் பிழைத்தாள். மணி இரண்டே முக்காலுக்கு ஆயா அந்தச் சின்னப் பெண்ணின் கட்டிலிலிருந்து கத்தினார்: “சிஸ்டர், தண்ணி பச்சையா போகுது!” ஓடிப்போய் டாப்ளரை வைத்தேன். துடிப்பு எண்பதைச் சுற்றித் தள்ளாடியது. வேக்வம் போட்டு எடுத்தார்கள். குழந்தை அழவில்லை. துணிபோல் துவண்டு கிடந்தது. மாஸ்க் வைத்து மூச்சுக் கொடுத்து, துடிப்பு வந்து, பச்சிளங்குழந்தைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

விடியற்காலை ஐந்து மணிக்கு மூத்த சிஸ்டர் வந்து நின்றார். “ஷீட் பாதியில நிக்குது பாரும்மா. காலைல ரவுண்ட்ஸ் இருக்கு, முடிச்சு வச்சுடு.” குரலில் கடுமை இல்லை, என்மேல் அக்கறைதான் இருந்தது. நான் புதிய தாள் ஒன்றை எடுத்தேன். பன்னிரண்டு வரை இருந்ததைப் படியெடுத்தேன். பிறகு 12.30க்கு 140, ஒரு மணிக்கு 142, ஒன்றரைக்கு 138. என் வாழ்க்கையில் அவ்வளவு அழகாக நான் எழுதியதில்லை.

மறுநாள் அந்தப் பெண் என் கையைப் பிடித்துக் கேட்டாள். “அக்கா, கடைசி வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?”

“ஆமாம்மா. ஷீட்ல எல்லாம் நார்மலாத்தான் இருக்கு.”

பக்கத்தில் நின்ற மாமியார் பெருமூச்சு விட்டார். “அப்போ இவ வயித்துலதான் ஏதோ கோளாறு.”

நேர்ந்த துன்பத்துக்கு ஒரு காரணம் எங்காவது போய்ச் சேர்ந்தாக வேண்டும். உன்மேல் அது ஒட்டவில்லை, உன்னை எழுதிய என்மேலும் ஒட்டவில்லை. அந்தப் பெண்ணின் மடியில் போய் உட்கார்ந்தது. அவள் அதைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போனாள். அன்று உன்னால் காப்பாற்றப்பட்டவள் நான்.

பன்னிரண்டுக்கும் இரண்டே முக்காலுக்கும் நடுவில் அந்தத் துடிப்பு எப்போது சரியத் தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. தெரியாது என்பதைச் சொல்ல அந்தப் பழைய தாளில் இடம் இருந்தது: ஐந்து காலிக் கட்டங்கள். அந்த ஐந்தும் அப்படியே இருந்திருந்தால் மறுநாள் யாராவது கேட்டிருப்பார்கள், ஆறு பேருக்கும் ரத்தப்போக்குக்கும் சேர்த்து ஒரே சிஸ்டரா என்று. நான் அவற்றை நிரப்பினேன். அந்தக் கேள்வியின் வாயை என் கையாலேயே தைத்தேன்.

உன்னைப் புகழும்போது, உன்னோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியாத இன்னொரு தாளையும் சொல்ல வேண்டும். அந்த இரவுக்குப் பல வருடம் கழித்து, வேறோர் இடத்தில் நான் எழுதியது. ஏப்ரன் பையில் மடித்து மடித்து நாலாகக் கிழியும் நிலையில் இருந்தது. ஓரத்தில் பீட்டாடின் கறை. பாதி நீல மை, மீதி கறுப்பு. நடுவில் பேனா தீர்ந்துவிட்டது. 1.30, 2.00 கட்டங்கள் காலி. அவற்றின் மேல் குறுக்கே, ‘கட்டில் 4இல் பிரசவம், பார்க்க இயலவில்லை’. பிறகு அரை மணிக் கணக்குக்குள் அடங்காமல் 2.20 என்று ஒரு நேரம். துடிப்பு 104, சுற்றி வட்டம். பெருக்கல் குறி எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டி வலப்பக்கம் விழுந்து கிடந்தது. கீழே கோணல் எழுத்தில், ‘டாக்டருக்கு போன் 2.22. மறுபடியும் 2.27.’

மூன்று மணிக்குள் அந்தப் பெண் தியேட்டரில் இருந்தாள். குழந்தை வெளியே வந்ததும் அழுதது.

அந்தத் தாளுக்குக் காலையில் பாராட்டுக் கிடைக்கவில்லை. இரண்டு கட்டம் ஏன் காலி, 2.30க்கு எழுத வேண்டியதை 2.20க்கு ஏன் எழுதினாய், ஒருத்தியின் ஷீட்டில் அடுத்த கட்டில் விவரம் எதற்கு என்று விளக்கம் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். ஆய்வுக்கு வந்தவர்களுக்குக் காட்ட அடுக்கிய கோப்பில் அதற்கு இடமில்லை. அங்கே நீ இருந்தாய்.

அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையாரை அப்போது நினைத்துக்கொண்டேன். பீலியும் மாலையும் சூடி, நெய் மின்ன, காவலோடு இருந்த தொண்டைமானின் படைக்கலங்களை அவர் புகழ்ந்தார். அதியமானின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். புறநானூற்றின் 95ஆம் பாடல் அது. பள்ளியில் அதை வஞ்சப்புகழ்ச்சிக்கு உதாரணமாகப் படித்தேன். ஔவை சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை என்பது எனக்கு ஐம்பது வயதில்தான் புரிந்தது. அந்த ஆயுதங்கள் உண்மையாகவே மின்னின. போருக்குப் போகாத எதுவும் மின்னும்.

உன்னை வளர்த்தவர்களையும் புகழ்ந்துவிடுகிறேன். ‘ஷீட் இருக்கா?’ என்று தவறாமல் கேட்டவர்கள் அவர்கள். எண்ணிப் பார்த்தார்கள், நூற்றுக்கு நூறு என்று எழுதிக்கொண்டார்கள். ‘எப்போ எழுதின?’ என்று கேட்டு எங்களைச் சங்கடப்படுத்தியதே இல்லை. மத்திய அரசு 2017இல் ‘லக்ஷ்யா’ என்ற பிரசவ அறைத் தர மேம்பாட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்தது நல்ல நோக்கத்தோடுதான். ஆனால் எந்த நல்ல திட்டமும் ஒரு மதிப்பெண் பட்டியலாகத்தான் வார்டுக்கு வந்து சேர்கிறது. பட்டியலில் தாள் ஒரு வரி. அந்த வரிக்கு ஒரு குறி போட நீ போதும்.

தமிழ்நாட்டைப் பற்றி ஒன்றை நேராகவே, பெருமையாகவே சொல்கிறேன். 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி இங்கே நூற்றுக்கு 99.6 பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. 2018–20 கணக்கில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புக்கு நாடு முழுவதும் 97 தாய்மார்கள் இறந்தபோது இங்கே 54. ஒவ்வொரு தாயின் சாவையும் பதிந்து ஆராயும் வழக்கத்தை இந்த மாநிலம் 1990களிலேயே தொடங்கியது. வீட்டில், வழியில், மாட்டுவண்டியில் செத்த பெண்களின் காலத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம். அநேகமாக எல்லாத் தாயும் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டாள். இனிமேல் காப்பாற்றப்பட வேண்டிய உயிர்கள் எங்கள் அறைக்குள்தான் இருக்கின்றன. அரை மணிக்கும் அரை மணிக்கும் நடுவில் இருக்கின்றன.

அதே குடும்பநல ஆய்வில் இன்னொரு எண் உண்டு. இங்கே நூற்றுக்கு ஏறக்குறைய 45 குழந்தைகள் சிசேரியனில் பிறக்கின்றன. இதில் எத்தனை வேண்டியது, எத்தனை வேண்டாதது என்று ஒவ்வொரு பெண் விஷயத்திலும் சொல்லக்கூடிய சாட்சி, நேரத்தோடு எழுதிய தாள்தான். நேர்மையான கோடு ஒரு பெண்ணுக்கு ‘இப்போதே’ என்று சொல்லும். இன்னொருத்திக்கு ‘இன்னும் பொறுக்கலாம், அவசரப்படாதே’ என்று கத்தியைத் தடுக்கும். உன்னிடம் கேட்டால் இரண்டு பேருக்கும் எல்லாம் சரி என்பாய். உன் நாக்கில் வேறு சொல் கிடையாது.

உனக்கு இப்போது ஒரு தங்கை வந்திருக்கிறாள். 2020 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் பிரசவப் பராமரிப்புக்குப் புதிய தாளை வெளியிட்டது. மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்ற கோடு அதில் இல்லை; எல்லாப் பெண்ணும் அந்த வேகத்தில் திறப்பதில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். தீவிர வலி ஐந்து சென்டிமீட்டரிலிருந்துதான் கணக்கு. ஐந்தில் ஆறு மணி நேரம், ஆறில் ஐந்து, ஏழில் மூன்று, எட்டில் இரண்டரை, ஒன்பதில் இரண்டு என்று ஒவ்வொரு நிலைக்கும் ஓர் எல்லை. இதையெல்லாம்விட என்னைத் தொட்டது மேலே இருக்கும் வரிசைகள். பிரசவிக்கும் பெண்ணோடு துணைக்கு ஆள் இருக்கிறாரா? வலி தணிக்க ஏதாவது செய்தீர்களா? தண்ணீர் குடித்தாளா? மல்லாக்கவே கிடக்கிறாளா? பெண்ணின் வயிறு மட்டும் தெரிந்த தாளில் முதல் முறையாகப் பெண் தெரிகிறாள்.

அந்தத் தங்கையையும் உன்னைப் போல ஆக்கிவிடலாம். ‘துணை: ஆம். தண்ணீர்: ஆம்.’ வாசலில் தவித்து நிற்கும் தாயாரையும், உலர்ந்த உதட்டையும் பார்க்காமலே எழுதிவிடலாம். பத்து நிமிடம்கூட ஆகாது. தாள் இருப்பதால் மட்டும் உயிர் பிழைக்கிறதா என்று உலகம் முழுவதும் நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தவர்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எனக்கு அதில் வியப்பில்லை. பார்க்கும் கண்ணும், கூப்பிட்டால் வரும் காலும் இல்லாத இடத்தில் தாள் வெறும் தாள்தான்.

எங்கள் பேட்டையின் பெயரே ‘சின்னத் தறிப்பேட்டை’ என்பதிலிருந்து வந்தது என்பார்கள். 1734இல் கவர்னர் பிட் காலத்தில் நெசவாளர்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய இடம் இது. பாவு ஓட்டிய பிறகுதான் ஊடை. இழை அறுந்தால் அந்த இடத்திலேயே தறியை நிறுத்தி முடிபோட வேண்டும். துணியை இறக்கி மடித்த பிறகு அறுந்த இழையைத் தேடிப் பயனில்லை. நெசவாளிக்குத் தெரிந்த இந்த ஒழுங்கைத்தான் ஃபில்பாட்டும் காசிலும் கட்டத்தாளில் கேட்டார்கள்.

ஆகவே மேலிடத்துக்கு என் வேண்டுகோள்கள் சில. தாள்களை எண்ணும் முன் சிஸ்டர்களை எண்ணுங்கள். லேபர் ரூம் சுவரில் ஓடும் கடிகாரமும், கையில் பேட்டரி தீராத டாப்ளரும் கொடுங்கள். நடுராத்திரியில் போன் செய்தவளைக் காலையில் ஒருமுறை, எல்லோர் எதிரிலும், ‘நல்ல வேளை கூப்பிட்டே’ என்று சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு கட்டத்தைக் காலியாக விட்டு ‘பார்க்க இயலவில்லை’ என்று எழுதும் உரிமையை எங்களுக்குக் கொடுங்கள். அந்தக் காலிக் கட்டம் உங்களைத்தான் கூப்பிடுகிறது.

மணி பதினொன்றாகிவிட்டது. தாளே, உன்னை உறையில் போட்டு, நாளைக்கான பையில் வைக்கிறேன். வகுப்பில் உன்னை முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைவரை கைமாற்றிப் பார்க்கச் சொல்வேன். “இதுல என்ன தப்பு இருக்கு, சொல்லுங்க” என்று கேட்பேன். கட்டம் கட்டமாகத் தேடுவார்கள். யாராவது ஒரு பெண் எழுந்து, “ஒண்ணும் இல்லையே மேடம்” என்பாள்.

“உட்காரும்மா,” என்பேன். அங்கிருந்துதான் பாடத்தைத் தொடங்க வேண்டும்.